கேரளக் கிரிக்கெட் அணியும் ஒரு ரயில்வேக்காரனின் கணக்கும்

மலர்க் குழுவினர் என்னிடம் வழக்கம்போல "ரயில்வே அனுபவம் ஏதாவது எழுதிக் கொடுங்கள்" என்றார்கள். நான் எழுதப் போவது கிரிக்கெட்டைப் பற்றி. ஆனாலும் நடுவில் தண்டவாளமும் ஸ்லீப்பரும் வந்துவிடும். முப்பத்தைந்து வருடம் அதோடு வாழ்ந்தவன், அதை விட்டு எதையும் யோசிக்க எனக்குத் தெரியாது. அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

விஷயம் ஆரம்பித்தது என் மகள் வயிற்றுப் பேரனிடமிருந்து. வயது பதினான்கு. மட்டாஞ்சேரியிலேயே பிறந்தவன். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், சேர்லாய் பக்கத்துக் கொங்கணிப் பையன்களோடு கொஞ்சம் கொங்கணியும் பேசுவான். இடக்கைச் சுழற்பந்து வீசுகிறான். சென்ற வருடம் ஒரு தேர்வு முகாமுக்குப் போய், இரண்டாம் நாள் மாலை, பட்டியலில் பெயர் இல்லாமல் திரும்பி வந்தான். அழவில்லை. சாப்பிட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"தாத்தா, பெரிய டீமிலேயே ஸ்பின் போட வெளி மாநிலத்திலிருந்துதான் ஆள் கொண்டு வருகிறார்கள். அப்புறம் இங்கே இருக்கிறவன் எதற்குக் கற்றுக்கொள்ள வேண்டும்?"

எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அவன் கேட்டதில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்று பார்ப்போம்.

நம் நாட்டில் மாநில அணிகள் மோதும் நான்கு நாள் ஆட்டத் தொடர் ரஞ்சிக் கோப்பை. அதில் ஒரு மாநிலம் தன் சொந்த ஆட்டக்காரர்களோடு வெளி மாநிலத்திலிருந்து மூன்று பேர் வரை எடுத்துக்கொள்ளலாம். சொந்த மாநிலச் சங்கம் 'ஆட்சேபணை இல்லை' என்று கடிதம் கொடுக்க வேண்டும். நம் உத்தியோகத்தில் 'டெபுடேஷன்' என்போமே, கிட்டத்தட்ட அது. பதினோரு இடத்தில் மூன்று இடம் என்பது சின்னக் கணக்கு இல்லை. பையன் சொன்னதில் தப்பில்லை.

கேரளத்துக்கு அது ஏன் தேவைப்பட்டது என்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். திருவிதாங்கூர்-கொச்சி என்ற பெயரில் 1951-52இல் ரஞ்சியில் நுழைந்த அணி இது. 1957-58 முதல் கேரளம். கிரிக்கெட் தெரியாத ஊர் என்று யாரும் சொல்ல முடியாது. தலைசேரியில் வெள்ளைக்காரன் காலத்து ஆட்டம். இங்கே நமக்குப் பக்கத்தில் திருப்பூணித்துறையில், கேளப்பன் தம்புரான் 1950களின் தொடக்கத்திலேயே ஓவர் வரையறை வைத்துப் பூஜைக் கோப்பை ஆட்டங்கள் நடத்தினார். இங்கிலாந்தில் ஜில்லெட் கோப்பை வந்தது 1963இல்தான். ஆனால் ரஞ்சியில் கேரளம் என்றால் மற்ற தென் மாநிலங்கள் புள்ளி சேர்த்துக்கொள்ளும் இடம் என்றே வெகுகாலம் இருந்தது. நான் 1983இல் விருதுநகர் பக்கத்திலிருந்து டிப்ளமாவும் ஒரு டிரங்குப் பெட்டியுமாக இங்கே பி.டபிள்யூ.ஐ.யாக வந்தபோது, தமிழ்நாடு-கேரளம் ஆட்டம் என்றால் எங்கள் அலுவலகத்தில் பந்தயம்கூடக் கட்ட மாட்டார்கள். கட்ட எதிராளி கிடைக்கமாட்டான்.

என் நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற கார்டு, பள்ளுருத்திக்காரர், அந்தக் காலத்திலிருந்தே கேரள அணியின் ஸ்கோரை ஒரு நோட்டில் எழுதி வருகிறார். தோல்வியை எழுத எழுத நோட்டு நிரம்பியதே தவிர வேறொன்றும் நடக்கவில்லை என்பார். (1998 ஏப்ரல் 1ஆம் தேதி கலூர் ஸ்டேடியத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக டெண்டுல்கர் ஐந்து விக்கெட் எடுத்ததை நாங்கள் இருவரும் சேர்ந்துதான் பார்த்தோம். அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் சிவப்பு மை.) அந்தக் கலூர் மைதானத்தில் 2014 அக்டோபரில் மேற்கிந்தியத் தீவுகள் வந்து ஆடிய ஒருநாள் ஆட்டத்துக்குப் பிறகு சர்வதேசக் கிரிக்கெட் இல்லை. பந்தாட்டத்துக்குப் போய்விட்டது. கொச்சியில் மஞ்சள் சட்டை போட்ட பிள்ளைகளைப் பார்த்தால் அது சென்னை சூப்பர் கிங்ஸ் என்று நினைத்து ஏமாறாதீர்கள், பாதி கேரளா பிளாஸ்டர்ஸ்.

திருப்பம் எப்போது என்று கேட்டால் நான் இரண்டு தேதி சொல்வேன். ஒன்று 2016-17, மத்தியப் பிரதேசத்து ஜலஜ் சக்சேனா கேரளத்துக்கு ஆட வந்த பருவம். மட்டையும் பிடிப்பார், ஆஃப் ஸ்பின்னும் போடுவார். இன்னொன்று 2017-18, இலங்கைக்கு 1996இல் உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்த டேவ் வாட்மோர் பயிற்சியாளராக வந்து, அணி கால் இறுதிக்குப் போனது. அடுத்த வருடம் வயநாட்டுக் கிருஷ்ணகிரி மைதானத்தில் குஜராத்தை வென்று முதல் முறையாக அரை இறுதி. அதே மைதானத்தில் அரை இறுதியில் விதர்பாவின் உமேஷ் யாதவ் பந்துவீச்சில் 106க்கும் 91க்கும் சுருண்டார்கள். உமேஷுக்கு மொத்தம் 12 விக்கெட். நண்பர் நோட்டை மூடிவிட்டு, "அண்ணாச்சி, கதை தீர்ந்நு" என்றார்.

தீரவில்லை. ஆனால் ஆறு வருடம் ஆயிற்று.

2024-25 பருவத்துக்கு அமய் குராசியா பயிற்சியாளர், தொடுபுழையின் சச்சின் பேபி தலைவர். ஜலஜோடு கூட விதர்பாவிலிருந்து இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் ஆதித்ய சர்வாதே வந்தார். நம் சென்னையிலிருந்து பாபா அபராஜித். அவருடைய இரட்டைப் பிறவி இந்திரஜித் தமிழ்நாட்டுக்கு, இவர் கேரளத்துக்கு! அந்த வீட்டில் யாருக்குக் கை தட்டுவார்கள் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. என் வீட்டு நிலவரமும் அதுதானே.

அந்தப் பருவம் முழுக்க, இறுதியாட்டம் வரை, கேரளம் ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. இதைப் புரிந்துகொள்ள ரஞ்சியின் கணக்கு தெரிய வேண்டும். லீக் சுற்றில் வெற்றிக்கு 6 புள்ளி. ஆட்டம் முடிவில்லாமல் போனால் முதல் இன்னிங்ஸில் முன்னணி பெற்றவருக்கு 3, மற்றவருக்கு 1. நாக்-அவுட்டில் டிரா ஆனால் முதல் இன்னிங்ஸ் முன்னணிதான் தீர்ப்பு. ஆகையால் ஒரே ஒரு ரன் போதும். போதும் என்பது வெறும் பேச்சு இல்லை, அப்படியே நடந்தது.

புனேயில் 2025 பிப்ரவரியில் கால் இறுதி. ஜம்மு-காஷ்மீர் 280. கேரளம் 200க்கு 9 விக்கெட். இன்னும் 80 எடுத்தால் சமம், 81 எடுத்தால் முன்னணி. களத்தில் தலைசேரிப் பையன் சல்மான் நிசாரும், கடைசி ஆளாகப் பசில் தம்பியும். இருவரும் சேர்ந்து சரியாக 81 எடுத்தார்கள். ஸ்கோர் 281. சல்மான் 112, ஆட்டமிழக்கவில்லை. அதற்குப் பிறகு கடைசி நாள் முழுக்கத் தோற்காமல் நிற்க வேண்டியிருந்தது. அதையும் சல்மானும் காசர்கோட்டு முகமது அசாருதீனும் நின்று காட்டினார்கள்.

அகமதாபாத்தில் அரை இறுதி. அசாருதீன் ஆட்டமிழக்காமல் 177, கேரளம் 457. குஜராத் விடாமல் துரத்தி 455க்கு வந்துவிட்டது, கையில் ஒரு விக்கெட். மூன்று ரன் எடுத்தால் அவர்கள் இறுதிக்கு. சர்வாதே பந்து போட, நாக்வாஸ்வாலா ஓங்கி அடித்தார். பந்து ஷார்ட் லெக்கில் நின்ற சல்மானின் ஹெல்மெட்டில் பட்டு மேலே எழும்பி ஸ்லிப்பில் நின்ற சச்சின் பேபியின் கையில் விழுந்தது. இரண்டு ரன் முன்னணி! நான் செல்போனை வைத்துக்கொண்டு பஜார் ரோடில் ஒரு மளிகைக் கடை வாசலில் நின்றிருந்தேன். கடைக்காரர் குஜராத்தி. அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். சற்று நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, என் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்து, "ஹெல்மெட் நல்ல கம்பெனி" என்றார்.

இறுதியாட்டம் நாக்பூரில், பிப்ரவரி 26 முதல் மார்ச் 2 வரை. விதர்பா 379. கேரளம் 342. சச்சின் பேபி 98இல் தூக்கி அடித்துப் பிடி கொடுத்தார். அந்த இரண்டு ரன்னுக்காக அவரை யாரும் திட்ட வேண்டாம், அவர் நின்றிருந்தால் எடுக்க வேண்டியிருந்த இன்னும் ஐம்பது அறுபது ரன்னுக்காக வேண்டுமானால் வருத்தப்படலாம். 37 ரன் பின்னணியில் கோப்பை போயிற்று. இதில் விசித்திரம் பாருங்கள். விதர்பாக்காரர் சர்வாதே கேரளத்துக்காக விதர்பாவுக்கு எதிராக 79 எடுத்தார். மலையாளக் குடும்பத்துக் கருண் நாயர் விதர்பாவுக்காகக் கேரளத்துக்கு எதிராக 86உம் 135உம் எடுத்தார். போதாக்குறைக்கு அதே விதர்பா அதே நாக்பூரில் கால் இறுதியில் நம் தமிழ்நாட்டையும் தோற்கடித்திருந்தது. பிறந்த வீடும் புகுந்த வீடும் ஒரே மாதத்தில் ஒரே ஊரில் அடி வாங்கின.

ஆனால் விதர்பாவைப் பார்த்துப் பொறாமைப்படுவதைவிட அதைப் படிப்பது உபயோகம். அதுவும் பல பத்தாண்டுகள் கேரளம் மாதிரிக் கீழே கிடந்த அணிதான். 2017-18இல் முதல் கோப்பை, மறுவருடமே இரண்டாவது. அப்போது அவர்களிடம் மும்பையின் வாசிம் ஜாஃபர் இருந்தார், கர்நாடகத்தின் கணேஷ் சதீஷ் இருந்தார். வெளி ஆள்தான். அவர்கள் நடுவில் ஊர்ப் பையன்கள் வளர்ந்தார்கள். 2025 இறுதியாட்டத்தில் 153 எடுத்த டேனிஷ் மாலேவாரும், அந்தப் பருவத்தில் 69 விக்கெட் எடுத்து ரஞ்சியில் புதிய உச்சம் தொட்ட ஹர்ஷ் துபேயும் அந்த ஊர்ப் பிள்ளைகள்.

இங்கே ஸ்லீப்பர் வருகிறது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது பல இடத்தில் மர ஸ்லீப்பர்தான். 13 மீட்டர் தண்டவாளத்துக்கு 17 ஸ்லீப்பர் என்று ஒரு கணக்கு இருந்தது. அதில் நாலைந்து உளுத்துப் போயிருக்கும். வண்டியை நிறுத்த முடியாது, மெயில் வரும், கூட்ஸ் வரும். எனவே ஒன்று விட்டு ஒன்றாக மாற்றுவோம். பக்கத்துப் பக்கத்து ஸ்லீப்பரை ஒரே சமயத்தில் எடுத்தால் கேஜ் விலகும், தண்டவாளம் தொய்யும். நல்ல ஸ்லீப்பர் இரண்டு பிடித்துக்கொண்டிருக்க, நடுவில் புதியது உட்கார வேண்டும். உட்கார்ந்த பிறகும் உடனே முழு வேகம் கொடுக்க மாட்டோம். 'காஷன் ஆர்டர்' போட்டு முதலில் 20 கிலோமீட்டர், ஜல்லி இறுக இறுகப் படிப்படியாக ஏற்றுவோம். பயணிகள் ஜன்னல் வழியாக எங்களைத் திட்டிக்கொண்டே போவார்கள். அது அந்த உத்தியோகத்தில் சம்பளத்தோடு சேர்ந்து வருவது.

ஜலஜும் சர்வாதேயும் அந்த நல்ல ஸ்லீப்பர்கள். என் கவலை எல்லாம் அவர்களை எப்போது எடுப்பார்கள் என்பதே. 2025இல் இரண்டும் ஒரே சமயத்தில் போயிற்று. ரஞ்சியில் 6000 ரன்னும் 400 விக்கெட்டும் சேர்த்து எடுத்த முதல் ஆட்டக்காரரான ஜலஜ் மகாராஷ்டிரத்துக்குப் போனார். சர்வாதேயும் அணியில் இல்லை. தலைமை அசாருதீனுக்கு வந்தது.

அடுத்த பருவத்தின் முதல் ஆட்டமே, 2025 அக்டோபரில் திருவனந்தபுரத்தில், மகாராஷ்டிரத்தோடு. கேரளத்தின் வேகப்பந்து வீச்சில் மகாராஷ்டிரம் 18க்கு 5 விக்கெட். நண்பர் சிவப்பு மையைத் தேடினார். அப்போது ருதுராஜ் கெய்க்வாட் 91 எடுத்துத் தாங்கினார், துணைக்கு நின்று 49 எடுத்தது யார்? நம் ஜலஜ்தான். 239. பதிலுக்குக் கேரளம் 219. அதிலும் ஜலஜ் விக்கெட் எடுத்தார். 20 ரன் பின்னணி, மூன்று புள்ளி போயிற்று. அந்தப் பருவம் கேரளம் கால் இறுதிக்கே போகவில்லை. பக்கத்துப் பக்கத்து ஸ்லீப்பரை எடுத்தால் என்ன ஆகும் என்று நான் யாருக்கும் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

அப்படியிருந்தும் எனக்கு நம்பிக்கை இருக்கிறது என்றால் நண்பர் சிரிக்கிறார். காரணம் சொல்கிறேன். ஹெல்மெட்டில் பந்து வாங்கிய அதே சல்மான் நிசார் 2025 ஆகஸ்டில் கேரளக் கிரிக்கெட் லீகில் 26 பந்தில் 86 ரன் அடித்தார். அடக்கியும் ஆடத் தெரிந்து, அடித்தும் ஆடத் தெரிந்த மட்டையாளர் ஊரிலேயே விளைந்திருக்கிறார். கொயிலாண்டிப் பக்கத்து ரோகன் குன்னுமல் இருக்கிறார். நிதீஷின் வேகப்பந்து இருக்கிறது. 16 வயதில் ரஞ்சியில் இறங்கிய ஏதன் ஆப்பிள் டாம் 2005இல் பிறந்தவர், இன்னும் பத்து வருடம் ஓடுவார். முன்பு திறமைசாலி இரண்டு பேர் வந்தால் அவர்களுக்குப் பின்னால் யாரும் இருக்க மாட்டார்கள். டினு யோகன்னானுக்கும் ஸ்ரீசாந்துக்கும் பின்னால் இருந்தது வெறும் இடைவெளி. இப்போது வரிசை இருக்கிறது.

அந்த லீக் 2024இல் தொடங்கியது. ஆறு அணிகள். மலப்புறத்து ஆட்டோ ஓட்டுநர் மகன் விக்னேஷ் புத்தூர் அதுவரை கேரளத்தின் பெரிய அணிக்கு ஓர் ஆட்டம்கூட ஆடியிராதவர். அந்த லீகில் ஆடியவரை மும்பை இந்தியன்ஸ் 30 லட்சத்துக்கு எடுத்து, 2025 மார்ச் 23 அன்று நம் சேப்பாக்கத்தில் சென்னைக்கு எதிராக இறக்கியது. ருதுராஜ், துபே, ஹூடா என்று மூன்று விக்கெட். நான் சென்னைக் கட்சி. ஆனால் மூன்றாவது விக்கெட்டுக்கு என் கை தானாகத் தட்டிவிட்டது. பேரன் பார்த்துச் சிரித்தான். பிறகு அந்த நவம்பரில் ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துச் சஞ்சு சாம்சனைச் சென்னை வாங்கியபோது, எங்கள் தெருவில் முதல் முறையாக எனக்கும் அக்கம்பக்கத்துக்கும் ஒரே கட்சி ஆயிற்று.

நண்பருடைய ஆட்சேபத்தையும் சொல்லிவிட வேண்டும், அதில் நியாயம் இருக்கிறது. "இருபது ஓவர் லீகில் நாலு நாள் ஆட்டக்காரன் உண்டாக மாட்டான். நாலு ஓவர் போட்டுப் பழகினவன் நாற்பது ஓவர் எப்படிப் போடுவான்?" என்கிறார். மட்டைக்கு எனக்குப் பதில் இருக்கிறது, சுழற்பந்துக்கு இல்லை. ஜலஜ் இடத்தையும் சர்வாதே இடத்தையும் நிரப்பும் ஊர்க்காரர் இன்னும் நிலைக்கவில்லை. 2025-26இல் சர்வாதே இடத்தில் இடக்கைச் சுழற்பந்து போட்ட அங்கித் சர்மாவும் மத்தியப் பிரதேசத்தில் வளர்ந்தவர்தான்.

இனி பேரன் கேள்விக்கு வருகிறேன். அன்று ஏன் பதில் வரவில்லை என்றேனே, காரணம் இதுதான். 1983இல் நான் இங்கே வந்தபோது ஹார்பர் டெர்மினஸ் பக்கத்தில் ஒரு மலையாளி இளைஞர், அவரும் டிப்ளமா படித்தவர், என் முகத்துக்கு நேராகவே கேட்டார், "எங்கள் ஊரில் ஆள் இல்லாமலா உன்னைப் போட்டார்கள்?" என்று. நானும் டெபுடேஷன் ஆட்டக்காரன்தான். அவருக்கும் நான் பதில் சொல்லவில்லை. ஆனால் ஓய்வு பெறும் நாளில் என் செக்‌ஷனை ஏற்றுக்கொண்டவர் நான் பழக்கிய ஆலப்புழைப் பையன். அவரிடம் சாவிக் கொத்தைக் கொடுக்கும்போது எனக்கு அந்தக் கேள்வி ஞாபகம் வந்தது.

இதை அப்படியே பேரனிடம் சொன்னேன். அவன் யோசித்துவிட்டு, "அந்த ஆலப்புழை அங்கிளுக்கு நீங்கள் சொல்லிக் கொடுத்தீர்கள். ஜலஜ் யாருக்குச் சொல்லிக் கொடுத்தார்?" என்றான். நல்ல கேள்வி. ஒன்பது பருவம் வலையில் அவர் பந்தை ஆடித்தான் சல்மானும் ரோகனும் சுழற்பந்து ஆடப் பழகினார்கள் என்றேன். "அது பேட்ஸ்மேனுக்கு" என்றான். அதற்கு மேல் என்னிடம் சரக்கு இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் அவனும் நண்பரும் உட்கார்ந்து, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில், வரும் பருவத்துக்கான கேரளப் பதினொருவரை எழுதினோம். பழம்பொரி இரண்டு தட்டு தீர்ந்தது. ஒன்பது பெயர் பேனாவில். ஆஃப் ஸ்பின்னர் இடத்தில் மூன்று பெயர் எழுதி மூன்றையும் நண்பர் அடித்துவிட்டார். இடக்கைச் சுழற்பந்து இடத்தில் பேரன் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு, தாளை மடித்துத் தன் கிட் பைக்குள் வைத்துக்கொண்டான். சாயங்காலம் பயிற்சிக்குப் போகும்போது பந்தை மறந்துவிட்டுப் போய், பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து எடுத்துப் போனான்.